கூரையில் நிற்கும் டிஷ், கையில் இருக்கும் சமன்பாடு: செய்மதித் தொடர்பாடல் பிழைகளைக் குறிபார்த்து நீக்கும் வழிமுறை

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளை வார இறுதியில் வீட்டுக்கு வந்தால், பெரும்பாலும் கேட்கும் முதல் பேச்சு இதுதான்: “தம்பி, ரிவியில் படம் வரவில்லை. நீ படிப்பதும் இதைத்தானே, ஒருக்கால் ஏறிப் பார்.” ஏறிப் பார்ப்பது நல்லது. யாழ்ப்பாணத்தில் வளவுக்கு வளவு டிஷ் நிற்கிறது. செய்மதித் தொடர்பாடல் பாடத்தில் வரும் ஒவ்வொரு சொல்லும் அந்த டிஷ்ஷில் ஒரு பிழையாக வெளிப்படும். செய்மதியின் அலை டிஷ்ஷில் எவ்வளவு தெளிவாகச் சேரும் என்பதைக் கணிக்கும் இணைப்புச் சமன்பாட்டின் எந்த உறுப்பு கெட்டிருக்கிறது என்பதைப் பிழையின் குறியே சொல்லிவிடும். அதை வாசிக்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை கீழே நிற்கும்போதே முடிந்துவிடும்.

ஸ்பனரை எடுக்கமுன் வீட்டாரிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள். எப்போது போகிறது? எல்லா அலைவரிசைகளும் போகின்றனவா, சிலவா? ரிசீவர் (ரிவியோடு இணைத்த பெட்டி) காட்டும் இரண்டு கோடுகளில் விழுவது பலமா, தரமா? இந்த மூன்றையும் கேளாமல் டிஷ்ஷைத் திருப்புகிறவர் இருந்த ஒன்றையும் தொலைத்துவிட்டு இறங்குவார்.

கீழே வரும் கணக்குகளுக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். யாழ்ப்பாணம் வடக்கு 9.67 பாகை, கிழக்கு 80.02 பாகை. செய்மதியாக இந்தியாவின் ஜிசாற்-15 ஐ எடுத்துக்கொள்வோம். அது கிழக்கு 93.5 பாகையில் நிற்கிறது. இந்த எண்களை வைத்துக் கணித்தால் ஏற்றக்கோணம் (அடிவானிலிருந்து மேல்நோக்கி) 70.6 பாகை, திசைகோள் (வடக்கிலிருந்து கிழக்காக) 125 பாகை, தூரம் ஏறத்தாழ 36,100 கிலோமீற்றர். இந்த மூன்றையும் நீங்களே ஒருமுறை கணித்துப் பாருங்கள்; கோளத் திரிகோண கணிதத்தில் இரண்டு வரிதான்.

குறி 1: பலம் நிறைய இருக்கிறது, தரம் பூச்சியம்

அதிகம் குழப்புவது இதுதான். “சிக்னல் நிறைய வருகிறது, பெட்டிதான் பழுது” என்று சொல்லிப் புதுப் பெட்டி வாங்கியவர்கள் பலர்.

பலக் கோடு காட்டுவது ரிசீவரின் வாயிலுக்கு வரும் மொத்த வலுவை. அதில் இரைச்சலும் அடக்கம். தரக் கோடு காட்டுவது அலை இரைச்சலுக்கு மேலே எவ்வளவு தெளிவாக நிற்கிறது என்பதை. எல்.என்.பி. என்பது டிஷ்ஷின் முன்னால் நின்று அலையை வாங்கி, 50 முதல் 60 டெசிபெல் வரை நயம் (பெருப்பம்) கொடுத்து வயரில் அனுப்பும் கருவி. வானத்தில் எதுவுமே இல்லாவிட்டாலும் தன் இரைச்சலையும் வானத்தின் இரைச்சலையும் பெருப்பித்து அனுப்பும். ஒரு சோதனை செய்து பாருங்கள். எல்.என்.பி.யின் முகத்தை உள்ளங்கையால் மூடுங்கள். தரம் உடனே பூச்சியமாகும். பலமோ பெரிதாக இறங்காது. சில பெட்டிகளில் சற்று ஏறவும் செய்யும். உங்கள் கை ஏறத்தாழ 310 கெல்வினில் இருக்கிறது, தெளிந்த வானமோ அதைவிட மிகவும் குளிரானது. எல்.என்.பி.க்கு உங்கள் கை ஓர் இரைச்சல் முதல். இரைச்சல் வெப்பநிலை என்ற கருத்தை இவ்வளவு நேரடியாகக் காட்டும் வேறு சோதனை எனக்குத் தெரியாது.

ஆகவே பலம் இருந்து தரம் இல்லையென்றால் மின்சாரமும் வயரும் எல்.என்.பி.யும் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன. காரணம் இரண்டில் ஒன்று.

முதலாவது, டிஷ் வேறு செய்மதியைப் பார்க்கிறது அல்லது வெறும் வானத்தைப் பார்க்கிறது. புவிநிலைச் செய்மதிகள் அனைத்தும் மத்திய கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில், ஒரே வளையத்தில் நிற்கின்றன. 23 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்று. பூமியும் அதே வேகத்தில் சுழல்வதால் அவை நமக்கு அசையாமல் நிற்பதாகத் தெரிகின்றன. இந்த வளையத்தைத் தொடர்பாடலுக்குப் பயன்படுத்தலாம் என்று 1945 இல் எழுதியவர் ஆதர் சி. கிளார்க். பின்னர் 1956 முதல் 2008 இல் மறையும்வரை அவர் வாழ்ந்தது இலங்கையில்தான். நமது 93.5 பாகைச் செய்மதிக்குப் பக்கத்தில், 91.5 பாகையில் மலேசியாவின் மியாசாற் செய்மதிகள் நிற்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து பார்க்கும்போது இரண்டுக்கும் ஏற்றக்கோணத்தில் 1.8 பாகை வித்தியாசம், திசைகோளிலோ 4.6 பாகை. செய்மதி தலைக்கு மேலே ஏற ஏறத் திசைகோள் வேகமாக மாறும். வடக்கே தூர நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் “திசையைச் சரிபார்த்தால் போதும்” என்று இருப்பதை இங்கே அப்படியே நம்ப வேண்டாம்.

இன்னொரு பொறி: வீடுகளில் இருக்கும் சிறிய டிஷ் ஓவ்செற் வகை, எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி நிற்கும். அதன் தட்டு ஏறத்தாழ 25 பாகை நிமிர்ந்தே நிற்கும். 70 பாகை ஏற்றக்கோணத்துக்குத் திருப்பிய தட்டு கண்ணுக்கு 45 பாகையில் சாய்ந்திருப்பதாகத் தெரியும். தட்டின் சாய்வை நேரே அளந்து 70 ஆக்கியவர் செய்மதிக்கு வெகு அப்பால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். தாங்கியில் பொறித்திருக்கும் அளவுகோலைப் பாருங்கள். அது இந்தக் கழிவைச் சேர்த்தே பொறிக்கப்பட்டது. கைபேசியின் திசைகாட்டியைத் தண்ணீர்த் தாங்கியின் இரும்புக் காலுக்கும் கொங்கிறீற் கம்பிக்கும் அருகில் வைத்துப் பார்ப்பதையும் தவிருங்கள்.

இரண்டாவது காரணம், பெட்டியில் உள்ள எண்கள் பிழை. வரும் அலையின் மீடிறனுக்கும் (அதிர்வெண்ணுக்கும்) தன் லோக்கல் ஒஸிலேற்றரின் மீடிறனுக்கும் உள்ள வித்தியாசத்தையே எல்.என்.பி. வயரில் அனுப்பும். யூனிவேர்சல் எல்.என்.பி.யின் லோக்கல் ஒஸிலேற்றர் 9.75, 10.6 கிகாஹேர்ட்ஸ் என இரண்டு. 4 கிகாஹேர்ட்ஸை ஒட்டிய சி பட்டையில் 5.15. செய்மதியிலிருந்து வரும் 11.5 கிகாஹேர்ட்ஸிலிருந்து 9.75 ஐக் கழித்தால் வயரில் வருவது 1750 மெகாஹேர்ட்ஸ். பெட்டிக்கு நீங்கள் 10.6 என்று சொல்லியிருந்தால் அது 900 இல் தேடும். வருவதோ 1750 இல். சிம்பள் விகிதம் (செக்கனுக்கு வரும் குறியீடுகளின் எண்ணிக்கை) பிழைத்தாலும் இதே குறிதான்.

குறி 2: இரண்டு கோடுகளும் பூச்சியம்

பெரும்பாலும் வயர், எஃப் இணைப்பான், அல்லது எல்.என்.பி. மின்சாரம். குருநகர், காரைநகர், பருத்தித்துறை போன்ற கரையோரங்களில் உப்புக்காற்று இணைப்பானைப் பச்சை பூக்க வைத்துவிடும். பெட்டியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு இணைப்பானைக் கழற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது நடுக்கம்பி வெளியுறையில் பட்டால் எல்.என்.பி.க்கான மின்வழங்கல் கெடும். வயரை எல்.என்.பி.க்குக் கீழே ஒரு வளையம் தொங்கவிட்டுப் பொருத்தினால் மழைநீர் இணைப்பானுக்குள் ஓடாது.

குறி 3: பாதி அலைவரிசைகள் மட்டும் இல்லை

இது எனக்கு மிகவும் பிடித்த பிழை. ஏனெனில் எவை இல்லை என்ற பட்டியலை எழுதினாலே காரணம் வந்துவிடும். ஒரு தாளில், வருபவற்றையும் வராதவற்றையும் மீடிறன், முனைவாக்கம் (அலை அதிரும் திசை) என்ற இரண்டு நிரல்களோடு எழுதுங்கள்.

வராதவை எல்லாம் கிடை முனைவாக்கமா? செய்மதி ஒரே மீடிறனை இருமுறை பயன்படுத்துகிறது, நிலைக்குத்தாக ஒன்று, கிடையாக ஒன்று. எதை வேண்டும் என்று பெட்டி வயர் வழியே சொல்வது வோல்ற்றளவால்: 13 வோல்ற்று என்றால் நிலைக்குத்து, 18 என்றால் கிடை. எல்.என்.பி. இடையில் ஏறத்தாழ 15 வோல்ற்றில் எல்லை போட்டு முடிவெடுக்கும். எல்.என்.பி. 150 மில்லியம்பியர் இழுக்கிறது, துருப்பிடித்த இணைப்பில் 20 ஓம் தடை ஏறியிருக்கிறது என்று வையுங்கள். 0.15 × 20 = 3 வோல்ற்று வழியிலேயே விழுந்துவிடும். 18 ஆகப் புறப்பட்டது 15 ஆகச் சேரும். எல்லையிலேயே நிற்கும் அதை எல்.என்.பி. “நிலைக்குத்து” என்று வாசித்துவிடலாம். கிடை அலைவரிசைகள் எல்லாம் ஒரேயடியாக மறையும். ஓமின் விதி தெரிந்தவர் டிஷ்ஷைத் தொடவே மாட்டார். உள்ளே இரும்புக் கம்பி வைத்துச் செம்பு பூசிய மலிவு வயரை 40 மீற்றருக்கு இழுத்திருந்தாலும் இதே கதை வரும்.

வராதவை எல்லாம் 11.7 கிகாஹேர்ட்ஸுக்கு மேலா? அப்படியானால் 22 கிலோஹேர்ட்ஸ் தொனி எல்.என்.பி.க்குப் போய்ச் சேரவில்லை. அந்தத் தொனிதான் ஒஸிலேற்றரை 9.75 இலிருந்து 10.6 க்கு மாற்றச் சொல்கிறது. தொனி இல்லாவிட்டால் 12.5 கிகாஹேர்ட்ஸ் அலை 2750 மெகாஹேர்ட்ஸாக இறங்கும். பெட்டி கேட்பதோ 950 முதல் 2150 வரை மட்டும். பெட்டியில் தொனி நிறுத்தப்பட்டிருக்கலாம், இடையில் மாட்டிய சுவிற்ச் அதை விழுங்கியிருக்கலாம்.

வயரில் மீடிறன் கூடியவை மட்டும் தடுமாறுகின்றனவா? ஆர்ஜி-6 வயரின் இழப்பு 100 மீற்றருக்கு 1 கிகாஹேர்ட்ஸில் 20 டெசிபெல் அளவு, 2 கிகாஹேர்ட்ஸுக்கு மேல் 30 அளவு. நீண்ட வயர் உயர்ந்ததை முதலில் தின்னும்.

எல்லாமே வருகின்றன, ஆனால் எல்லாமே நலிந்து வருகின்றனவா? எல்.என்.பி.யை அதன் அச்சில் சுழற்றிப் பாருங்கள். செய்மதியின் முனைவாக்கம் மத்திய கோட்டுத் தளத்துக்குச் சமாந்தரமாக இருந்தால், யாழ்ப்பாணத்தில் 93.5 பாகைக்கு வேண்டிய சுழற்சி 54 பாகை. இது சிறிய திருத்தம் அல்ல. மத்திய கோட்டுக்கு அருகில் இருப்பதால் நமக்கு இந்தக் கோணம் இவ்வளவு பெரிதாகிறது. டில்லியில் பொருத்துபவரின் பழக்கத்தை இங்கே பின்பற்றினால் எதிர் முனைவாக்கத்தின் அலைகள் உள்ளே கசியும்.

குறி 4: மழை வந்தால் போகிறது

“மழை என்றால் போகத்தானே செய்யும்” என்று விட்டுவிடுகிறோம். கொஞ்சம் நின்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மாரியில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் போவதில்லை. ஒரு வீட்டில் தூறலுக்கே போகிறது, அடுத்த வீட்டில் கொட்டும் மழையிலும் நிற்கிறது. செய்மதி ஒன்று, மழை ஒன்று. வித்தியாசம் கைமிச்சத்தில், அதாவது படத்துக்கு வேண்டியதற்கு மேல் மிஞ்சி நிற்கும் டெசிபெல்லில், இருக்கிறது.

கேயூ (Ku) பட்டையில் 11.5 கிகாஹேர்ட்ஸின் அலைநீளம் 2.6 சென்ரிமீற்றர், சில மில்லிமீற்றர்த் துளி அந்த அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் போதும். சி பட்டையின் 7.5 சென்ரிமீற்றர் அலைக்கு அதே துளி பெரிதாகப் படாது. அதனால்தான் பழைய ஆறடி டிஷ்கள் மாரியிலும் அசையாமல் நின்றன.

மாணவர்கள் தவறவிடும் இடம் அடுத்தது: மழை இருமுறை அடிக்கிறது. 3 டெசிபெல் இழப்புத் தரும் மழை, அலையின் வலுவைப் பாதியாக்குகிறது. அதோடு, உறிஞ்சும் பொருள் எதுவோ அது இரைச்சலை வெளியிடும். 275 கெல்வினில் இருக்கும் மழை, பாதியை உறிஞ்சும்போது ஏறத்தாழ 137 கெல்வின் இரைச்சலை டிஷ்ஷுக்குள் சேர்க்கிறது. தெளிந்த வானத்தில் தொகுதியின் இரைச்சல் வெப்பநிலை 100 கெல்வினாக இருந்தால், அது 237 ஆகிறது, அது 3.75 டெசிபெல். ஆக 3 டெசிபெல் மழைக்கு நீங்கள் இழந்தது 6.75. எல்.என்.பி. தரமானதாக இருக்க இருக்க இந்த இரண்டாவது அடி பெரிதாகத் தெரியும், ஏனெனில் தொடக்கத்தில் இரைச்சல் அவ்வளவு குறைவு.

டிஜிட்டல் படம் மெல்ல மங்குவதில்லை. டிவிபி-எஸ்2 என்ற ஒளிபரப்பு முறையில் 8பிஎஸ்கே, 3/4 குறியாக்கத்துக்கு அலை இரைச்சலைவிட 7.9 டெசிபெல் மேலே நிற்க வேண்டும். அதற்கு மேலே இருந்தால் முழுப் படம், கீழே போனால் கட்டங்கள், பிறகு கறுப்பு. வெயில் நாளில் படம் தெளிவாக இருப்பதை வைத்து டிஷ் சரியாகத் திருப்பப்பட்டிருக்கிறது என்று முடிவெடுக்காதீர்கள். வெயிலில் தரக் கோட்டை உச்சிக்குக் கொண்டுவந்தால்தான் மழைக்குக் கைமிச்சம் இருக்கும்.

குறி 5: மார்ச் நடுவிலும் செப்டெம்பர் கடைசியிலும், முற்பகலில், சில நிமிடம்

மழை இல்லை, காற்று இல்லை. நல்ல வெயில். சில நாட்கள் தொடர்ந்து ஏறத்தாழ ஒரே நேரத்தில் தரம் விழுந்து, தானே திரும்பிவிடுகிறது. டிஷ்ஷைத் தொடாதீர்கள். சூரியன் செய்மதிக்குப் பின்னால் வந்து நிற்கிறது.

நாம் மத்திய கோட்டுக்கு வடக்கே இருப்பதால் வளையத்தில் நிற்கும் செய்மதி நமக்குச் சற்றுத் தெற்கே சாய்ந்து தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து அந்தச் சாய்வு ஏறத்தாழ 1.7 பாகை. சூரியன் அதே சாய்வில் நிற்பது மார்ச் 16 ஐயும் செப்டெம்பர் 27 ஐயும் ஒட்டிய நாட்களில். 93.5 பாகைச் செய்மதிக்கு நேரம் மார்ச்சில் முற்பகல் 11.15 அளவில், செப்டெம்பரில் 11 மணி அளவில்.

அந்த நாளில் பழைய ஆறடி டிஷ் ஒன்றின் முன்னால் நின்று பாருங்கள். நடுவில் குவியத்தில் எல்.என்.பி. பொருத்திய வகையாக இருக்க வேண்டும். எல்.என்.பி.யின் நிழல் தட்டில் ஊர்ந்து வரும். தரம் மிகவும் தாழும் நிமிடத்தில், சரியாகத் திருப்பிய டிஷ்ஷில் அந்த நிழல் தட்டின் நட்ட நடுவில் விழும். நடுவிலிருந்து ஒரு சாண் விலகி விழுந்தால் டிஷ் அந்த அளவுக்குப் பிழை. திசைகாட்டியும் மீற்றரும் இல்லாமல் டிஷ்ஷைச் சரிபார்க்க வருடத்துக்கு இருமுறை கிடைக்கும் வாய்ப்பு இது.

60 சென்ரிமீற்றர் டிஷ்ஷில் சூரியன் சேர்க்கும் இரைச்சல் ஏறத்தாழ 200 கெல்வின். இழப்பு 4 முதல் 5 டெசிபெல். நன்றாகத் திருப்பிய டிஷ்ஷில் தரக் கோடு மட்டும் விழுந்து படம் தப்பிவிடும். உங்கள் வீட்டில் படமே போகிறது என்றால் கைமிச்சம் போதாது என்று பொருள். பெரிய டிஷ்ஷின் கற்றை (அது பார்க்கும் வானத்தின் அகலம்) ஒடுங்கியது என்பதால் அடி கடுமை, ஆனால் நேரம் குறைவு.

குறி 6: சோளகத்தில் (தென்மேற்குக் காற்றில்) படம் உடைகிறது, வாடையில் சரியாகிறது

தாங்கியின் ஆணி தளர்ந்துவிட்டது, அல்லது பனை வட்டின் ஓலைகள் கற்றையை வெட்டுகின்றன. 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷின் கற்றை 11.5 கிகாஹேர்ட்ஸில் 3 பாகை அகலம். ஒரு பாகை ஆட்டமே தெரியும். மரமா என்பதைக் கணக்கு சொல்லும்: 70.6 பாகையின் தான்சன் 2.84. டிஷ்ஷைவிட 20 மீற்றர் உயர்ந்த பனை, செய்மதித் திசையில் 7 மீற்றருக்குள் நின்றால் மட்டுமே மறைக்கும். கிழக்கு நெடுங்கோடு 45 பாகையில் நிற்கும் செய்மதியை மேற்கே பார்க்கும் டிஷ்ஷுக்கு ஏற்றக்கோணம் 48 பாகைதான். அதற்கு 18 மீற்றர் தள்ளி நிற்கும் பனையும் இடைஞ்சல். மரத்தைத் தறிக்கமுன் டிஷ்ஷை நகர்த்துங்கள்.

குறி 7: பகல் வெயிலில் போய் இரவில் வருகிறது

பழைய எல்.என்.பி.யின் ஒஸிலேற்றர் வெப்பத்தில் நகர்கிறது. சிம்பள் விகிதம் குறைந்த, ஒடுங்கிய அலைவரிசைகள் முதலில் போனால் சந்தேகமே வேண்டாம். எல்.என்.பி.யை மாற்றுங்கள்.

குறி 8: பக்கத்தில் கோபுரம் வந்தபின் சி பட்டை டிஷ் தடுமாறுகிறது

பலம் உயர்ந்து, தரம் எல்லா அலைவரிசைகளிலும் விழுந்து, மழைக்கும் வெயிலுக்கும் மாறாமல் நின்றால் இது தரைவழிக் குறுக்கீடு. உலகெங்கும் 3.3 முதல் 3.8 கிகாஹேர்ட்ஸ் வரை கைபேசிச் சேவைகளுக்குப் போகிறது. சி பட்டை எல்.என்.பி. 3.4 இலிருந்தே வாய் திறந்திருக்கும். 36,000 கிலோமீற்றரிலிருந்து வருவதற்கு முன்னால் அரைக் கிலோமீற்றரிலிருந்து வருவது எல்.என்.பி.யைத் திணறடிக்கும். வடிகட்டியை எல்.என்.பி.க்கு முன்னால், அலைவழியில் பொருத்த வேண்டும். பின்னால் வயரில் பொருத்துவது வீண் செலவு: திணறிய பிறகு வடிகட்ட ஒன்றும் மிஞ்சாது.

குறி 9: இணையம் வேகமாம், ஆனால் கோப்பு ஊர்கிறது

புவிநிலைச் செய்மதி வழியே ஏறி இறங்க 0.24 செக்கன். கேள்வியும் பதிலும் சேர்ந்தால் 0.48. இது பிழையல்ல, ஒளியின் வேகம். 64 கிலோபைற் சாளரம் (பதில் வருமுன் ஒரே தடவையில் அனுப்பும் அளவு) வைத்து ஒவ்வொரு முறையும் பதிலுக்குக் காத்திருந்தால், எத்தனை மெகாபிற் இணைப்பு வாங்கினாலும் செக்கனுக்கு ஏறத்தாழ 1 மெகாபிற்றுக்கு மேல் போகாது. சாளரத்தை விரிப்பதே மருந்து.

2025 இல் இலங்கையில் சேவை தொடங்கிய ஸ்டார்லிங்க் போன்றவற்றில் செய்மதிகள் 550 கிலோமீற்றர் அளவில் ஓடுவதால் இந்தத் தாமதம் இல்லை. அங்கே குறி வேறு: சில நிமிடத்துக்கு ஒருமுறை சில செக்கன் அறுபடுவது. செய்மதி நிற்பதில்லை, வானம் முழுக்க நகர்கிறது. ஆகவே ஒரு திசை மட்டும் தெளிந்திருந்தால் போதாது. வளவின் ஒரு தென்னை வட்டும் கணக்கில் வரும்.

குறி 10: தாளில் விடை பொருந்தவில்லை

கூரையில் அல்ல, பரீட்சை மண்டபத்தில் வரும் பிழை. ஆனால் வழி அதேதான்: எவ்வளவு பிழைத்தது என்பதைப் பார்த்தால் எது பிழைத்தது என்று தெரியும். விடை 60 டெசிபெல் தள்ளி வந்தால் கிலோமீற்றரை மீற்றராக்கியதில் பிழை. 228.6 தள்ளி வந்தால் போல்ற்ஸ்மன் மாறிலியை மறந்துவிட்டீர்கள். 70 முதல் 75 வரை கூடி வந்தால் பட்டை அகலத்தைக் கழிக்கவில்லை.

சரியான கணக்கு இப்படி வரும். செய்மதியின் இஐஆர்பி (நம் பக்கம் அது அனுப்பும் செயற்படு வலு) 52 டெசிபெல்-வாட் என்று எடுத்துக்கொள்வோம். வெளியிழப்பு (தூரத்தால் அலை நலிவது; மட. என்பது மடக்கை): 92.45 + 20 மட. 36,100 + 20 மட. 11.5 = 204.8. டிஷ்ஷின் நயம் 60 சென்ரிமீற்றருக்கு 35. இரைச்சல் வெப்பநிலை 100 கெல்வின், அதாவது 20. பட்டை அகலம் 27.5 மெகாஹேர்ட்ஸ், அதாவது 74.4. ஏனைய இழப்புகளுக்கு 1. ஆக, 52 − 204.8 + 35 − 20 + 228.6 − 74.4 − 1 = 15.4 டெசிபெல். வேண்டியது 7.9. கைமிச்சம் 7.5.

இப்போது இதைக் குறி 4 இன் மழையோடு வைத்துப் பாருங்கள். 3 டெசிபெல் மழை 6.75 ஐ எடுத்தது. படம் மயிரிழையில் நிற்கும். 4 டெசிபெல் மழை 8.2 ஐ எடுக்கும், படம் போகும். அதே கூரையில் 90 சென்ரிமீற்றர் டிஷ் வைத்தால் நயம் 3.5 கூடி, கைமிச்சம் 11 ஆகும். 6 டெசிபெல் மழை எடுப்பது 10.9, படம் தப்பும். ஆனால் கற்றை 3 பாகையிலிருந்து 2 பாகைக்கு ஒடுங்கிவிடும், சோளகம் பிடிக்கும் பரப்பும் இரண்டு மடங்குக்கு மேலாகும். ஆகவே பெரிய டிஷ் வாங்குகிறவர் தடித்த குழாயும் கொங்கிறீற் அடியும் சேர்த்தே வாங்க வேண்டும்.